உங்களுக்குத் தெரியுமா? விசிலும் தத்துவமும்

கல்லூரியில் என்ன படிக்கலாம் என்ற பேச்சில் உடற்கல்வியும் தத்துவமும் அதிகம் அடிபடுவதில்லை. அடிபட்டாலும், ஒன்று ஓடியாடும் பிள்ளைக்கு, மற்றது புத்தகமே கதியென்று கிடக்கும் பிள்ளைக்கு என்று பிரித்துவிடுகிறோம். வரலாற்றைப் புரட்டினால் இரண்டும் கூடவே வளர்ந்தவை.

● பிளேட்டோ பாடம் நடத்திய இடம்

கி.மு. 387 வாக்கில் பிளேட்டோ தன் அகாடமியைத் தொடங்கியது, ஏதென்ஸ் நகருக்கு வெளியே இருந்த ஓர் உடற்பயிற்சிக் களத்தில். கி.மு. 335-ல் அரிஸ்டாட்டில் கற்பிக்கத் தொடங்கிய லைசியமும் அப்படியொரு களம்தான். இளைஞர்கள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு மல்லுக்கட்டிய இடத்திலேயே விவாதமும் நடந்தது. பிளேட்டோவின் 'லைசிஸ்' உரையாடல் ஒரு மற்போர்ப் பள்ளியில் நடக்கிறது, பேசுபொருள் நட்பு.

● முதலில் உடம்பு, 30-ல் தர்க்கம்

'குடியரசு' நூலில் பிளேட்டோ வகுத்த பாடத்திட்டத்தில், இளைஞர்களுக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் உடற்பயிற்சி மட்டுமே. 20 வயதில் தேர்ந்தெடுக்கப்படுபவர்களுக்குப் பத்தாண்டு கணிதம் முதலானவை. தத்துவ விவாதத்துக்குள் நுழைய 30 ஆக வேண்டும். வெறும் உடற்பயிற்சி ஆளை முரடாக்கும், வெறும் இசையும் கவிதையும் ஆளைத் தொய்வாக்கும், இரண்டும் கலந்தால்தான் மனம் செம்மைப்படும் என்பது அவர் கட்சி.

● யோசித்துப் பிறந்த ஆட்டம்

அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் 1891-ல் கூடைப்பந்தை உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித், இறையியல் படித்தவர். குளிர்காலத்தில் கூரைக்குக் கீழே ஆட ஒரு விளையாட்டு வேண்டும் என்று அவரிடம் கேட்டார்கள். முரட்டுத்தனம் எங்கிருந்து வருகிறது என்று அவர் ஆராய்ந்தார். பந்தோடு ஓடுபவரைப் பிடித்துத் தள்ளுவதால் வருகிறது. அப்படியானால் பந்தோடு ஓடக் கூடாது. இலக்கு நேரெதிரே நின்றால் பந்தை ஓங்கி எறிவார்கள். அப்படியானால் இலக்கு தலைக்கு மேலே, வாய் திறந்து கிடக்கட்டும். மாடத்தில் கட்டப்பட்ட பீச் பழக்கூடையும் 13 விதிகளும் இந்த யோசனையின் விளைவு. அதே பள்ளியில் பயின்ற வில்லியம் மார்கன் 1895-ல் வாலிபாலைத் தந்தார்.

● ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து நந்தனத்துக்கு

அங்கே படித்த ஹாரி குரோ பக், 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். இந்தியாவில் உடற்கல்வி ஆசிரியர்களை முறையாகப் பயிற்றுவித்த முன்னோடி நிறுவனம் அது. இன்றும் நந்தனத்தில் நடக்கிறது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணிக்கு மேலாளரும் பக்தான்.

● இலவசமாகக் கிடைத்த பாடநூல்கள்

சென்னை கிறித்தவக் கல்லூரியில் ராதாகிருஷ்ணன் தத்துவத்தைத் தேர்ந்தெடுத்ததில் பணத்துக்கும் பங்கு உண்டு. அதே கல்லூரியில் படித்து முடித்த உறவினர் ஒருவர் தன் தத்துவப் பாடநூல்களை அவருக்குக் கொடுத்துவிட்டார். பின்னாளில் நாட்டின் குடியரசுத் தலைவரான அவருடைய பிறந்தநாளே, 1962 முதல் நமக்கு ஆசிரியர் தினம்.

● கால்பந்துக்கு வாக்களித்த துறவி

1897-ல் சென்னையில் உரையாற்றிய விவேகானந்தர், கீதையைப் படிப்பதைவிடக் கால்பந்து ஆடுவது இளைஞர்களைச் சொர்க்கத்துக்கு அருகே கொண்டுசேர்க்கும் என்றார். கீதையைக் குறைத்துச் சொன்னதல்ல. உடம்பில் வலு ஏறினால் கீதை இன்னும் நன்றாகப் புரியும் என்பதே அவர் வாதம். கல்கத்தாவில் தத்துவம் படித்தவர் அவர். உடற்பயிற்சிக் கூடத்திலும் பழகியவர்.

● பி.பி.எட். பாடத்தில் தத்துவம்

பட்டப்படிப்புக்குப் பிறகு 2 ஆண்டு படிக்கும் உடற்கல்விப் பட்டமான பி.பி.எட். என்றால் ஓட்டமும் தாண்டலும் மட்டும் என்று நினைக்க வேண்டாம். உடற்கூறியல், உளவியல், கற்பித்தல் முறை எல்லாம் உண்டு. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் மாதிரிப் பாடத்திட்டத்தில் கருத்துமுதல்வாதம், பயன்வழிவாதம், இருத்தலியல், இந்தியத் தத்துவம் ஆகியவையும் இடம்பெறுகின்றன.

● 7.04 மீட்டரில் ஒரு நீதிப் பாடம்

400 மீட்டர் தடத்துக்குக் கோடு போடுவது உடற்கல்வி மாணவர் கற்றே ஆக வேண்டிய வேலை. ஒரு லேனின் அகலம் 1.22 மீட்டர். எல்லோரையும் ஒரே கோட்டில் நிறுத்தினால், வெளிப்பக்கம் ஓடுபவர் வளைவுகளில் கூடுதல் தூரம் ஓட நேரும். அதனால் முதல் லேன்காரரைவிட 2-வது லேன்காரர் 7.04 மீட்டர் முன்னால் நிற்பார். 3-வது லேன்காரர் 14.70 மீட்டர் முன்னால். விஷயம் தெரியாதவர் கண்ணுக்கு இது சலுகை. ஓடுபவர்களுக்கு இதுதான் சமம். எல்லோரையும் ஒரே இடத்தில் நிறுத்துவதா, எல்லோருக்கும் ஒரே தூரம் வைப்பதா, எது நியாயம்? தத்துவ மாணவர் வகுப்பறையில் விவாதிக்கும் இந்தக் கேள்விக்கு, உடற்கல்வி மாணவர் டேப்பும் சுண்ணாம்புமாகத் தரையில் விடை எழுதுகிறார்.

● விளையாட்டு என்றால் என்ன?

எல்லா விளையாட்டுக்கும் பொதுவான ஒரே அம்சம் என்று எதுவும் இல்லை என்பது தத்துவவாதி விட்கன்ஸ்டைனின் கருத்து. இருக்கிறது என்று 1978-ல் 'தி கிராஸ்ஹாப்பர்' நூலில் மறுத்தார் இன்னொரு தத்துவவாதி பெர்னார்ட் சூட்ஸ். தேவையே இல்லாத தடைகளை நாமே விரும்பி ஏற்று, அவற்றைத் தாண்ட முயல்வதே விளையாட்டு என்றார். கோல்ஃப் பந்தைக் கையாலேயே குழியில் போட்டுவிடலாம்; போடுவதில்லை. அந்தக் கட்டுப்பாட்டில்தான் ஆட்டமே இருக்கிறது.

பரீட்சை நெருங்கினால் பள்ளிகளில் முதலில் பறிபோவது பி.டி. பீரியட். விதிக்குக் கட்டுப்படுவது, தோல்வியைத் தாங்குவது, எதிரணியை மதிப்பது எல்லாவற்றையும் பிள்ளைகள் உடம்பால் கற்கும் நேரம் அது. அதைக் கற்பிக்கவென்றே ஒருவர் படித்துப் பட்டம் வாங்கி வந்திருக்கிறார். கணக்குக்கும் அறிவியலுக்கும் வேறு நேரம் தேடிக்கொள்ளலாம். அந்த பீரியடை அவரிடமே விட்டுவிடுங்கள்.