ஏரியின் மட்டமும் டேட்டாபேஸின் மட்டமும்

மூன்றாம் ஆண்டு, கணிப்பொறியியல் துறை



ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் பக்கம் இருப்பவர்கள் பேப்பரில் முதலில் தேடுவது செம்பரம்பாக்கம் ஏரியின் அளவைத்தான். உயரம் எத்தனை அடி, நீர்வரத்து எத்தனை கன அடி, வெளியேற்றம் எத்தனை கன அடி. இந்த மூன்று எண்களையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்தவருக்கு, கிளவுட் டேட்டாபேஸைக் கண்காணிக்கும் வித்தை பாதி தெரிந்த மாதிரிதான். மீதிப் பாதியை இந்தக் கட்டுரையில் சொல்ல முயல்கிறேன்.

கண்ணில் படாத மிஷின்

நம்ம லேபில் உள்ள சர்வர் திணறினால் ஃபேன் சத்தமே காட்டிக் கொடுத்துவிடும். கிளவுடில் அந்த வசதி கிடையாது. அமேசான் நிறுவனம் 2009-ல் ஆர்.டி.எஸ். என்ற வாடகை டேட்டாபேஸ் சேவையைத் தொடங்கியது. அதன் மும்பை மையம் 2016-ல் வந்தது. மைக்ரோசாஃப்ட் அதற்கு முந்தின வருஷமே, 2015-ல், சென்னை உட்பட மூன்று இந்திய நகரங்களில் தன் அஸூர் மையங்களைத் திறந்தது. மையம் சென்னையிலேயே இருந்தாலும் நாம் உள்ளே போய் மிஷினைத் தொட்டுப் பார்க்க முடியாது. வாடகைக்கு எடுத்தவர் கையில் இருப்பது ஒரு முகவரியும் ஒரு சாவியும்தான். அப்படியானால் அதன் உடல்நிலையை எப்படி அறிவது? கேட்டுத்தான் அறிய வேண்டும். கேட்கும் வழிக்குப் பெயர்தான் ஏ.பி.ஐ.

139-க்கு பி.என்.ஆர். நம்பரை எஸ்.எம்.எஸ். அனுப்பினால் டிக்கெட்டின் நிலை பதிலாக வருகிறது அல்லவா? ஸ்டேஷனுக்குப் போக வேண்டாம், சார்ட்டைப் பார்க்க வேண்டாம். ஏ.பி.ஐ.யும் அதே மாதிரிதான். ஒரே வித்தியாசம், இங்கே கேட்பவர் மனிதர் இல்லை, நாம் எழுதிய புரோகிராம். அது ராத்திரி இரண்டு மணிக்கும் சலிக்காமல் கேட்டுக்கொண்டே இருக்கும்.

அமேசானில் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் சேவையின் பெயர் கிளவுட்வாட்ச். கேள்வியில் நான்கு விஷயம் இருக்க வேண்டும்: எந்த டேட்டாபேஸ், எந்த அளவீடு, எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை, எத்தனை நொடிக்கு ஒரு புள்ளி. கூடவே சராசரி வேண்டுமா, உச்சம் வேண்டுமா என்றும் சொல்ல வேண்டும். பதில் எண்களாக வரும். அதை வாங்கிக் கோடு போட்டுக் காட்ட பைத்தானில் ஒரு பக்கத்துக்குள் எழுதிவிடலாம். இந்தப் புரோகிராமுக்குக் கொடுக்கும் சாவி படிக்க மட்டும் அனுமதி உள்ளதாக இருக்கட்டும். அதைப் புரோகிராமுக்குள்ளேயே எழுதி நாலு பேர் பார்க்கும் இடத்தில் வைக்கவே கூடாது.

வரத்து, வெளியேற்றம், மட்டம்

அளவீடுகள் டஜன் கணக்கில் உண்டு. ஆனால் ஏரிக் கணக்கை மனதில் வைத்தால் தடுமாற்றம் இல்லை. நொடிக்கு எத்தனை கோரிக்கை வருகிறது என்பது வரத்து. எத்தனை முடிகிறது என்பது வெளியேற்றம். ஒரே நேரத்தில் திறந்திருக்கும் கனெக்ஷன்களின் எண்ணிக்கைதான் மட்டம்.

ஒரு கணக்கு பார்ப்போம். நொடிக்கு 100 கோரிக்கை வருகிறது, ஒவ்வொன்றும் 0.05 நொடியில் முடிகிறது என்றால், சராசரியாக 5 கனெக்ஷன் வேலையில் இருக்கும். அதே 100 கோரிக்கை, ஆனால் ஒவ்வொன்றும் 1 நொடி எடுக்கிறது என்றால் 100 கனெக்ஷன் தேவை. வரத்து கூடவே இல்லை. வெளியேற்றம் மந்தமானதால் மட்டம் ஏறிவிட்டது! போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸை நிறுவியதும் அதன் இயல்பான கனெக்ஷன் எல்லை 100தான். அதற்கு மேல் வருபவரை அது வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும்.

செம்பரம்பாக்கத்தின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. ஏரியில் 3,000 மில்லியன் கன அடி இருக்கிறது என்றால் கேட்பதற்கு நிம்மதியாகத்தான் இருக்கும். ஆனால் வரத்து நொடிக்கு 10,000 கன அடி, வெளியேற்றம் ஒன்றுமில்லை என்றால், சுமார் 18 மணி நேரத்தில் ஏரி நிரம்பிவிடும். டேட்டாபேஸில் 20 ஜி.பி. இடம் மிச்சம், மணிக்கு 2 ஜி.பி. குறைகிறது என்றால் 10 மணி நேரம்தான் கெடு. ஆக, பார்க்க வேண்டியது மட்டத்தை மட்டுமல்ல, அது மாறும் வேகத்தையும்தான். கண்காணிப்பு நமக்குச் சம்பாதித்துத் தருவது நேரம் ஒன்றைத்தான். இடத்தைக் கூட்ட நமக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கும் என்றால், ஒரு மணி நேரம் முன்னால் அடிக்கும் அலாரத்தால் என்ன பயன்?

சராசரி மறைக்கும் ஐந்து பேர்

100 கோரிக்கைகளில் 95 பேருக்கு 10 மில்லி செகண்டில் பதில் வருகிறது. மீதி 5 பேருக்கு 4 நொடி. சராசரி போட்டால் சுமார் 210 மில்லி செகண்ட். "நல்லாத்தானே ஓடுது" என்று சொல்லிவிடுவோம்! ஆனால் அந்த ஐந்து பேர் யார்? ஸ்காலர்ஷிப்புக்கோ கவுன்சலிங்குக்கோ கடைசி நாளில், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பிள்ளையோடு பிரவுசிங் சென்டரில் வந்து உட்கார்ந்திருக்கும் அப்பாவாகவும் இருக்கலாம். என் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். பக்கம் சுற்றிக்கொண்டே நிற்பதைப் பார்த்தபடி காத்திருக்கும் அந்த நேரம் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் விவரம் அறிந்தவர்கள் சராசரியோடு நிற்பதில்லை. நூற்றில் 99 பேருக்கு எத்தனை நொடிக்குள் பதில் கிடைத்தது என்றும் கேட்கிறார்கள்.

நேரத்திலும் இதே ஏமாற்று வேலை உண்டு. காலை 10 மணிக்கு ஏ.சி. வகுப்பு தத்கால் திறக்கும்போது வரும் கூட்டம் நமக்குத் தெரியாததா? அதுபோல ஒரு தளத்தில் முதல் 5 நிமிஷம் சி.பி.யூ. 100 சதவீதம், மீதி 55 நிமிஷம் 10 சதவீதம் என்றால், ஒரு மணி நேரச் சராசரி 17.5 சதவீதம்தான்! எனவே நிமிஷத்துக்கு ஒரு புள்ளியாகக் கேளுங்கள், உச்சத்தையும் கேளுங்கள். கிளவுட்வாட்ச் நிமிஷக் கணக்கை 15 நாள்தான் வைத்திருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கேட்பதற்கும் காசு உண்டு. ஆயிரம் அளவீடு கேட்டால் சுமார் ஒரு அமெரிக்க சென்ட். 10 அளவீடுகளை நிமிஷத்துக்கு ஒரு முறை கேட்டால் 30 நாளில் 4,32,000 ஆகும், அதாவது 4 டாலருக்குக் கொஞ்சம் மேல். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை கேட்டால் ஒரு டாலர்கூட ஆகாது. அப்போதும் இடைப்பட்ட ஐந்து நிமிஷப் புள்ளிகளும் ஒரே பதிலில் வந்துவிடும். ஆனால் சேதி ஐந்து நிமிஷம் வரை தாமதமாகும். எது நமக்குக் கட்டுப்படி ஆகும் என்பதை வேலையின் அவசரத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பதில் வராததும் ஒரு பதில்

2015 டிசம்பர் 2-ம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை திறந்தார்கள். கரண்ட் போனது, செல்போனும் போனது. சேதி மிகவும் தேவைப்பட்ட நேரத்தில் சேதி வரும் பாதையே அடைபட்டுப் போனது. டேட்டாபேஸ் படுத்துவிட்டால் எண்களும் வராமல் போகலாம். அதை பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டால் தொலைந்தோம். எண் வராததற்கும் அலாரம் வைக்க வேண்டும். கண்காணிக்கும் புரோகிராமும் அந்த டேட்டாபேஸ் இருக்கும் மிஷினில் இருக்கக் கூடாது.

உலக உதாரணம் ஒன்று. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஓடிக்கொண்டிருந்த டேட்டாபேஸ் தவறுதலாக அழிக்கப்பட்டது. பேக்கப்பைத் தேடினால், அது ஏற்கெனவே தோற்றுக்கொண்டிருந்தது தெரிய வந்தது. எச்சரிக்கை மெயில்கள் போய்ச் சேராமலே திருப்பப்பட்டிருந்தன. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்து வைத்த ஒரு பிரதி இருந்ததால் மீண்டார்கள். அந்த ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான். அலாரம் இருந்தால் போதாது, அது உண்மையாகவே அடிக்கிறதா என்று மாதம் ஒரு முறையாவது அடித்துப் பார்க்க வேண்டும்.

நண்பர்களே, இந்த வேலை எங்கோ அமெரிக்காவில் மட்டும் நடப்பதாக நினைக்க வேண்டாம். 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் நெட்வொர்க் கண்காணிப்பு மென்பொருளோடு தொடங்கிய நிறுவனம்தான் இன்றைய ஜோஹோ. நம்ம ஜி.எஸ்.டி. ரோட்டிலேயே, கூடுவாஞ்சேரி பக்கம் இருக்கிறது. இணையதளங்களையும் டேட்டாபேஸ்களையும் கண்காணிக்கும் சைட்24x7 அவர்கள் தயாரிப்பே.

தொடங்குவதற்குக் கிளவுடும் வேண்டாம், காசும் வேண்டாம். லேபில் போஸ்ட்கிரஸைப் போட்டு, எத்தனை கனெக்ஷன் திறந்திருக்கிறது என்று நிமிஷத்துக்கு ஒரு முறை கேட்டு எழுதி வைக்கும் சின்னப் புரோகிராம் ஒன்று எழுதுங்கள். ஒரு வாரக் கோட்டைப் பாருங்கள். எப்போது ஏறுகிறது, ஏன் ஏறுகிறது என்று உங்களால் சொல்ல முடிந்தால், கிளவுடுக்குப் போகும்போது மாறுவது முகவரியும் சாவியும் மட்டும்தான்.