மண் அட்டையில் இல்லாத விஷம்

நாஞ்சில் நாட்டில் பயிரின் இலை மஞ்சளித்தால் உடனே உரக்கடைக்குத்தான் ஓடுகிறார்கள். கடைக்காரர் நுண்ணூட்டக் கலவை கொடுப்பார். அதிலும் மாறாவிட்டால் யூரியா. வேரைத் தோண்டிப் பார்ப்பவர் அபூர்வம். வேர் குட்டையாகத் தடித்து, சல்லி வேரில்லாமல், நுனி கருகிக் கிடந்தால் எத்தனை மூட்டை கொட்டியும் பயனில்லை. அந்தப் பயிருக்குச் சாப்பாடு குறையவில்லை, வாய் அடைபட்டிருக்கிறது.

வாயை அடைப்பவற்றில் மண்ணில் சேர்ந்த கன உலோகங்களும் உண்டு. அவற்றில் காட்மியத்துக்கென்று வேரில் தனி வாசல் கிடையாது. துத்தநாகமும் இரும்பும் மாங்கனீசும் நுழையும் வழியில் அதுவும் புகுந்துவிடுகிறது. செம்பு மிஞ்சினால் இரும்பை ஏறவிடாது, இளந்தளிர் வெளுக்கும். ஈயம் பெரும்பாலும் வேரிலேயே தங்கும். இதில் மோசமானது காட்மியம்தான். பயிர் பசுமையாக நிற்கும்போதே கீரையிலும் நெல்லிலும் ஏறிவிடும். ஜப்பானின் ஜின்சு ஆற்றங்கரையில் அப்படி விளைந்த அரிசியைத் தின்றவர்களின் எலும்பு நொறுங்கியதற்குக் காரணம் காட்மியம் என்று அந்நாட்டு அரசு ஒப்புக்கொள்ள 1968 வரை ஆனது.

குமரி மாவட்டத்தில் எங்கே சந்தேகப்பட வேண்டும்? பல ஆண்டுகள் துரிசு, செம்புக் கலவை தெளித்த ரப்பர் தோட்டத்தை வெட்டிவிட்டு மரச்சீனி நடும் இடத்தில். நாகர்கோவில் சாக்கடை கலக்கும் பழையாற்று நீர் பாயும் வயலில். வலம்புரிவிளை குப்பைக் கிடங்கை அடுத்த விளைகளில். பழைய பேட்டரியை உடைத்த முற்றத்தில். மேற்குப் பகுதியின் புளித்த செம்மண் இந்த உலோகங்களை எளிதில் கரைத்துவிடும். அதே மண்ணில் அலுமினியமும் வேரைக் கருக்கும். அதனால் கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது, பரிசோதனை வேண்டும்.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். 2015-இல் தொடங்கிய மண்வள அட்டை பார்ப்பது 12 விவரங்கள்: தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, செம்பு, மாங்கனீசு, போரான், கார அமிலநிலை, உப்பு, கரிமம். ஈயம், காட்மியம், குரோமியம், பாதரசம் அதில் இல்லை. அட்டை நன்றாக இருந்தால் மண் சுத்தம் என்று அர்த்தமில்லை. அட்டை கொடுப்பவர்கள் இதை ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்.

கன உலோகச் சோதனையை எழுத்தில் கேட்க வேண்டும். திருப்பதிசாரத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரித்து, ஆய்வகங்களுக்குத் தரச்சான்று தரும் என்ஏபிஎல் வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு மண்ணை அனுப்பலாம். பத்துப் பதினைந்து இடங்களில் 15 செ.மீ. ஆழத்துக்கு எடுத்துக் கலந்து, அரைக்கிலோ போதும். துத்தநாகம் பூசிய வாளியும் பித்தளைக் கரண்டியும் வேண்டாம், பிளாஸ்டிக்கோ மரமோ போதும். குப்பை உரம் வாங்கினால் அதன் ஆய்வறிக்கையைக் கேளுங்கள். உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி நகரக் கம்போஸ்டில் காட்மியம் கிலோவுக்கு 5 மி.கி.யையும் ஈயம் 100 மி.கி.யையும் தாண்டக் கூடாது.

முடிவு வரும்வரை அந்த மண்ணில் கீரை போடாதீர்கள். புளித்த மண்ணுக்குச் சுண்ணாம்பு உதவும். காட்மியம் உள்ள வயலில் கதிர் வந்தபின் தண்ணீரை வற்றவிடக் கூடாது.

கழிவு விடுபவர் தெரிந்தால், நாகர்கோவிலில் உள்ள மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு மனு கொடுங்கள். சர்வே எண், தேதியிட்ட படம், ஆய்வறிக்கை நகல் மூன்றையும் இணையுங்கள். நீங்களே பாட்டிலில் பிடித்த கழிவுநீர் விசாரணையைத் தூண்ட உதவும், வழக்கில் சாட்சியாக நிற்காது. 1974 தண்ணீர்ச் சட்டம் 21-ஆம் பிரிவின்படி வாரிய அலுவலர்தான் முறையாக மாதிரி எடுக்க வேண்டும், அதையும் மனுவில் கேளுங்கள். ‘பார்க்கிறோம்’ என்ற வாய்ப்பேச்சை நம்பி வெறுங்கையோடு திரும்பாதீர்கள். நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். பதில் வராவிட்டால் பத்து ரூபாய் கோர்ட் வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனு, 30 நாளில் பதில் தர வேண்டும்.

மனுவோடு நின்றுவிட முடியாது. ராணிப்பேட்டையில் 1990-களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற லட்சக்கணக்கான டன் கழிவு ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடந்தது. இப்படிப்பட்ட மாசு வழக்குகளுக்குச் சென்னையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. வழக்கறிஞர் இல்லாமல் நேரிலும் வாதாடலாம். ஆனால் தடை கேட்கும் மனுவுக்கு, காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதம்தான் கெடு. இழப்பீட்டுக்கு 5 ஆண்டு. தகுந்த காரணம் காட்டினால் இரண்டுக்கும் மேலும் 60 நாள் கிடைக்கலாம். நீங்கள் எப்போது புகார் கொடுத்தீர்கள் என்று காட்டத்தான் முத்திரையிட்ட நகல்.