பேரிக்காயில் பிறந்த தர்ம ஸ்தாபனம்

அமெரிக்கா பணக்கார தேசம். அங்கே பள்ளிக்கூடத்தில் பென்சிலுக்குப் பஞ்சமா?

பஞ்சம்தான்! நம்புவதற்குக் கஷ்டமாக இருக்கும். ஆனால் கணக்கு இருக்கிறது. 2014-15-ஆம் கல்வி ஆண்டில் அமெரிக்க அரசாங்கப் பள்ளிக்கூட ஆசிரியர்களில் 100-க்கு 94 பேர், வகுப்புக்கு வேண்டிய சாமான்களைத் தங்கள் கைப்பணத்தில் வாங்கினார்கள். அப்படி வாங்கியவர்கள் ஆளுக்குச் சராசரி 479 டாலர் செலவழித்தார்கள். அந்தப் பணம் அவர்களுக்குத் திரும்பி வரவில்லை. அந்த நாட்டு அரசாங்கமே எடுத்த கணக்கு இது.

காரணம் என்ன? அங்கே பள்ளிக்கூடச் செலவில் ஒரு பெரிய பங்கு அந்தந்த ஊரின் சொத்து வரியிலிருந்து வருகிறது. பங்களாக்கள் நிறைந்த ஊரில் வரி அதிகம். பள்ளிக்கூடமும் பளபளப்பாக இருக்கும். ஏழைகள் குடியிருக்கும் ஊரில் வரி குறைவு. பிள்ளைகளுக்குப் புத்தகமும் குறைவு. பணக்கார நாட்டில் ஏழைப் பள்ளிக்கூடம் இருப்பது இப்படித்தான்.

அந்தக் குறையைத் தீர்க்க ஒரு வாத்தியார் கிளம்பினார். அவர் கையில் பணம் இல்லை. செல்வாக்கும் இல்லை. அவரிடம் இருந்தவை ஒரு யோசனையும், ஒரு தட்டு பேரிக்காயும்தான்!

விடியற்காலையில் வாத்தியார்

நியூயார்க் நகரத்தில் பிராங்க்ஸ் என்று ஒரு பகுதி. ஏழைகள் அதிகமாக வாழும் இடம். அங்கே ஒரு உயர்நிலைப் பள்ளியில் சார்லஸ் பெஸ்ட் என்ற இளைஞர் ஆசிரியராக இருந்தார். சரித்திரம், சமூகப் பாடம் நடத்துபவர்.

பாடத்துக்கு வேண்டிய புத்தகம் எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்காது. ஆகவே பொழுது விடியும் முன்பே எழுந்து கடைக்குப் போவார். புத்தகத்தின் பக்கங்களைச் சொந்தக் காசில் நகல் எடுத்து வந்து பிள்ளைகளுக்குக் கொடுப்பார்.

மத்தியானம் ஆசிரியர்கள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும்போது இதே பேச்சுதான். ஒருவருக்கு நாவல் வேண்டும். இன்னொருவருக்குச் சித்திர வகுப்புக்குத் துணி வேண்டும். கேட்டால் கிடைக்காது என்று எல்லாருக்கும் தெரியும். பேசிவிட்டு எழுந்து போவார்கள்.

பெஸ்டுக்கு ஒரு யோசனை தோன்றியது. “ஊரில் நல்ல மனசுக்காரர்கள் இல்லாமலா போனார்கள்? கொடுக்கவும் ஆள் இருக்கிறது. கேட்கவும் ஆள் இருக்கிறது. ஆனால் கொடுக்கிற காசு எங்கே போகிறது என்று தெரியவில்லையே! அது தெரிந்தால் கொடுக்க மாட்டார்களா?” என்று நினைத்தார்.

இது நடந்தது 2000-ஆம் வருடம். இணையதளம் அப்போது புதிது. பெஸ்ட் ஒரு காகிதத்தில் பென்சிலால் படம் போட்டார். ஆசிரியர் தமக்கு வேண்டியதை எழுதும் இடம் இங்கே, அதன் விலை இங்கே, பணம் கட்டும் இடம் இங்கே என்று கோடு இழுத்தார். போலந்து நாட்டிலிருந்து புதிதாக வந்திருந்த ஒரு கம்ப்யூட்டர்காரரிடம் அதைக் கொடுத்தார். அவர் சுமார் 2,000 டாலர் கூலிக்கு அதை இணையதளமாகச் செய்து தந்தார். அதற்கு ‘டோனர்ஸ் சூஸ்’ என்று பெயர் வைத்தார்கள். கொடுப்பவரே தேர்ந்தெடுக்கலாம் என்று அர்த்தம்.

கடை திறந்தாகிவிட்டது. சரக்கு எங்கே?

அம்மா செய்த பலகாரம்

எந்த ஆசிரியரும் விண்ணப்பம் எழுத முன்வரவில்லை. இதெல்லாம் நடக்கிற காரியமா என்று சிரித்தார்கள்.

பெஸ்டின் தாயார் பேரிக்காயைச் சுட்டு ஒரு தித்திப்புப் பலகாரம் செய்வார். அந்தக் குடும்பத்தில் அதற்கு நல்ல பெயர். பெஸ்ட் அதைக் கொண்டுவந்து ஆசிரியர்கள் சாப்பிடும் அறையில் வைத்தார். எல்லாரும் கையை நீட்டினார்கள்.

“கொஞ்சம் பொறுங்கள்! இதற்கு ஒரு விலை உண்டு. சாப்பிடுகிறவர்கள் ஒரு விண்ணப்பம் எழுத வேண்டும்” என்றார்.

பலகாரம் தீர்ந்தது. பத்துப் பதினோரு விண்ணப்பங்கள் சேர்ந்தன!

இனி பணம் வர வேண்டும். யார் கொடுப்பார்? அவருக்குப் பணக்காரச் சிநேகிதர்கள் யாரும் இல்லை. அத்தை ஒருவர் உதவினார். மற்ற விண்ணப்பங்களுக்கு ஒரு மனிதர் பெயர் சொல்லாமல் பணம் கட்டினார். அந்த மனிதர் வேறு யாரும் அல்ல. பெஸ்ட்தான்!

இந்த ரகசியம் சக ஆசிரியர்களுக்குத் தெரியாது. எங்கோ இருக்கும் தர்மவான்கள் இணையதளத்தைப் பார்த்துக் கொட்டிக் கொடுக்கிறார்கள் என்று அவர்கள் நம்பினார்கள். பிராங்க்ஸ் முழுவதும் செய்தி பரவியது. பக்கத்துப் பள்ளிக்கூடங்களிலிருந்தும் விண்ணப்பங்கள் வந்து குவிந்தன.

இது சரியா? கொஞ்சம் ஏமாற்றுத்தான். ஆனால் யாருடைய பணமும் பறிபோகவில்லை. போனது அவருடைய சொந்தப் பணம். இந்தக் கதையைப் பின்னாளில் அவரே பல மேடைகளில் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

வாத்தியார் சம்பளத்தில் எத்தனை நாளைக்கு இப்படிக் கொடுக்க முடியும்? இந்தச் சமயத்தில் கைகொடுத்தவர்கள் அவருடைய மாணவர்கள். பள்ளி விட்ட பிறகு தினமும் உட்கார்ந்து கடிதம் எழுதினார்கள். முன்பின் தெரியாத 2,000 பேருக்குத் தங்கள் கையாலேயே விலாசம் எழுதி அனுப்பினார்கள். “எங்கள் பள்ளிக்கூடத்தில் இப்படி ஒரு காரியம் தொடங்கியிருக்கிறோம். பாருங்கள்” என்பதுதான் சேதி.

அந்தக் கடிதங்களால் சுமார் 30,000 டாலர் வந்தது! இணையதளத்துக்கு வந்த முதல் பெரிய பணம் தபால் மூலம் வந்தது. இதைக் கவனிக்க வேண்டும். நல்ல இணையதளம் இருந்தால் போதும், பணம் தானாக வரும் என்று பலர் நினைக்கிறார்கள். வராது. யாராவது வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டும். அல்லது விலாசம் எழுத வேண்டும்.

2003-ஆம் வருடம் ஓப்ரா வின்ஃப்ரே என்ற புகழ்பெற்ற பெண்மணி தம்முடைய டெலிவிஷன் நிகழ்ச்சியில் இந்த ஸ்தாபனத்தைப் பற்றிச் சொன்னார். ஒரே நேரத்தில் அத்தனை பேர் வந்து முட்டியதில் இணையதளமே படுத்துவிட்டது! 2007-ஆம் வருடம் முதல் அமெரிக்காவின் எல்லா அரசாங்கப் பள்ளி ஆசிரியர்களும் விண்ணப்பம் எழுதலாம் என்று ஆனது. 2018-ஆம் வருடம் மார்ச் மாதம் இன்னொரு அதிசயம் நடந்தது. ‘ரிப்பிள்’ என்ற கம்பெனி 2 கோடியே 90 லட்சம் டாலர் கொடுத்தது. இணையதளத்தில் அன்று காத்திருந்த 35,647 விண்ணப்பங்களும் ஒரே நாளில் தீர்ந்தன! இந்த ஸ்தாபனத்தின் மூலம் இதுவரை பள்ளிகளுக்குப் போன உதவி 100 கோடி டாலருக்கும் மேல்.

பணம் கைக்கு வராது!

கேட்டவுடனே யாருக்கும் ஒரு சந்தேகம் வரும். விண்ணப்பம் எழுதிப் பணத்தை வாங்கிக்கொண்டு யாராவது ஓடிவிட்டால்?

ஓட முடியாது. ஏனென்றால் ஆசிரியர் கைக்குப் பணமே வராது! ஆசிரியர் தமக்கு வேண்டிய சாமான்களை விலையோடு எழுத வேண்டும். பென்சில் இவ்வளவு, காகிதம் இவ்வளவு, தபால் கூலி இவ்வளவு என்று எல்லாம் இணையதளத்தில் தெரியும். விண்ணப்பம் சரிதானா என்று முதலில் பரிசீலனை செய்வார்கள். தொகை முழுவதும் சேர்ந்ததும் ஸ்தாபனமே சாமானை வாங்கிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிடும். ஒரு டாலர் கொடுத்தவருக்கும், அது எந்த வகுப்புக்குப் போயிற்று என்பது தெரியும்.

அதோடு முடியவில்லை. பிள்ளைகள் அந்தச் சாமானை வைத்துப் படிக்கும் படம் வரும். ஆசிரியரின் நன்றிக் கடிதம் வரும். குறிப்பிட்ட தொகைக்கு மேல் கொடுத்தவர்களுக்குப் பிள்ளைகளே கையால் எழுதிய கடிதங்களும் வரும். எழுத்துப் பிழையோடும் கோணல் படங்களோடும் வருகிற அந்தக் கடிதத்தைப் பார்த்தவர், அடுத்த தடவை பையைத் திறக்க யோசிப்பாரா?

ஸ்தாபனம் நடப்பதற்குச் செலவு உண்டு. ஆட்களுக்குச் சம்பளம் வேண்டும். அதையும் ஒளித்து வைக்கவில்லை. பணம் கட்டும்போதே, இதில் இவ்வளவு ஸ்தாபனச் செலவுக்கு என்று தனியாகக் காட்டுகிறார்கள். வேண்டாம் என்றால் அதைக் குறைத்துக்கொள்ளலாம். தர்ம ஸ்தாபனங்கள் பல இந்த இடத்தில்தான் வாயை மூடிக்கொள்கின்றன. கொடுப்பவர்களுக்குச் சந்தேகம் வருவதும் இந்த இடத்தில்தான்.

சிலைக்குப் பீடம் வந்த கதை

முகம் தெரியாத ஆயிரம் பேரிடம் சில்லறை சேர்ப்பது புது யுக்தி அல்ல. இதே நியூயார்க் நகரத்தில் 1885-ஆம் வருடமே அது நடந்தது.

கையில் தீபத்தோடு நிற்கும் சுதந்திர தேவி சிலையைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அது பிரெஞ்சு மக்கள் அமெரிக்காவுக்குத் தந்த பரிசு. சிலை தயார். ஆனால் அதை நிறுத்திவைக்கப் பீடம் கட்டப் பணம் போதவில்லை! கோடீசுவரர்கள் கண்டுகொள்ளவில்லை. ‘வேர்ல்ட்’ என்ற பத்திரிகையை நடத்திய ஜோசப் புலிட்சர், தம் பத்திரிகையிலேயே மக்களிடம் கையேந்தினார்.

“எவ்வளவு சிறிய தொகையானாலும் கொடுத்தவர் பெயர் பத்திரிகையில் வரும்” என்று அறிவித்தார். நம் ஊர்க் கல்யாணத்தில் மொய் எழுதுவது போலப் பெயரும் தொகையும் அச்சில் வந்தன. சிறு பிள்ளைகள் உண்டியலை உடைத்து அனுப்பினார்கள். ஐந்தே மாதத்தில் 1 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. கொடுத்தவர்கள் 1 லட்சத்து 20 ஆயிரம் பேருக்கு மேல். பெரும்பாலோர் கொடுத்தது ஒரு டாலருக்கும் குறைவு! பத்திரிகையின் விற்பனையும் கூடவே ஏறியது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அன்று பத்திரிகை செய்ததை இன்று கைப்பேசி செய்கிறது. பெயரை அச்சடித்ததற்குப் பதிலாகப் படமும் கடிதமும் வருகின்றன.

படத்தில் இருப்பவர் யார்?

படம் காட்டிப் பணம் கேட்பதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது.

அமெரிக்காவில் ‘கிவா’ என்று இன்னொரு ஸ்தாபனம் உண்டு. 2005-ஆம் வருடம் தொடங்கியது. ஏழை நாடுகளில் சிறு வியாபாரம் செய்பவர்களுக்கு இது கடன் உதவி செய்கிறது. காய்கறிக் கடை வைத்திருக்கும் ஒரு பெண்ணின் படத்தையும் கதையையும் இணையதளத்தில் போடுவார்கள். பார்ப்பவர் 25 டாலர் கொடுக்கலாம். நன்கொடை அல்ல, கடன்தான். அந்தப் பெண் அடைத்ததும் பணம் திரும்பி வரும்.

கொடுத்தவர்கள், தங்கள் 25 டாலர் நேரே அந்தப் பெண்ணின் கைக்குப் போகிறது என்று நம்பினார்கள். 2009-ஆம் வருடம் டேவிட் ரூட்மன் என்ற ஆராய்ச்சியாளர் உண்மையை விளக்கி எழுதினார். படம் இணையதளத்தில் ஏறும் முன்பே, பெரும்பாலும், உள்ளூரில் இருக்கும் கடன் ஸ்தாபனம் அந்தப் பெண்ணுக்குப் பணம் கொடுத்துவிட்டது! நீங்கள் கொடுப்பது அந்தக் கடன் ஸ்தாபனத்துக்குப் போய்ச் சேருகிறது.

மோசடி ஒன்றும் இல்லை. ஏழைகளுக்குக் கடன் கிடைத்தது உண்மைதான். ஆனால் படம் ஒன்றைச் சொன்னது, நடந்தது வேறொன்று. பலருக்கு மனம் கசந்தது. கிவா சண்டைக்குப் போகவில்லை. பணம் எந்த வழியாகப் போகிறது என்பதைத் தன் இணையதளத்தில் திருத்தி எழுதியது. புத்திசாலித்தனமான காரியம்.

அரசாங்கம் எங்கே?

டோனர்ஸ் சூஸ் மீதும் குறை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. “பிள்ளைகளுக்குப் பென்சிலும் புத்தகமும் கொடுப்பது அரசாங்கத்தின் கடமை அல்லவா? வாத்தியார் ஊரார் முன் கையேந்த வேண்டுமா?” என்கிறார்கள். நன்றாக எழுதத் தெரிந்த ஆசிரியருக்குச் சாமான் கிடைக்கிறது. எழுதத் தெரியாத ஆசிரியரின் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்? சில ஊர்களின் பள்ளி நிர்வாகங்கள், இப்படிப் பணம் சேர்க்கக் கூடாது என்று தடை விதித்ததும் உண்டு.

கடமை அரசாங்கத்துடையதுதான். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அரசாங்கம் தன் கடமையை உணர்ந்து பணம் ஒதுக்கும் வரை, நாலாம் வகுப்புப் பிள்ளை நாலாம் வகுப்பிலேயே காத்திருக்காது. அந்த வருடத்துப் புத்தகம் அந்த வருடமே வேண்டும்.

எல்லா விண்ணப்பமும் பலிப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு விண்ணப்பம் இணையதளத்தில் சுமார் நாலு மாதம் இருக்கும். இன்னும் எத்தனை டாலர் வேண்டும் என்ற கணக்கு பக்கத்திலேயே குறைந்துகொண்டு வரும். அதற்குள் தொகை நிறையாவிட்டால் விண்ணப்பம் இறங்கிவிடும். கொடுத்தவர்களுக்குத் தகவல் போகும். தங்கள் பணத்தை வேறொரு வகுப்புக்கு அவர்கள் மாற்றிக்கொள்ளலாம். ஆசிரியர் மறுபடி உட்கார்ந்து, கேட்கிற சாமானைக் கொஞ்சம் குறைத்து, புது விண்ணப்பம் எழுதுகிறார்.