லினக்ஸ் கெர்னல் புதுப்பிப்பில் மூலபாடச் சிக்கல்

முன்னுரை

உ.வே.சாமிநாதையர் பல சுவடிகளை ஒப்பிட்டு 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். எப்பாடத்திலிருந்து வேறுபடுகிறது என்று அறியாமல் பாடவேறுபாட்டைப் பயன்படுத்த இயலாது. கெர்னலின் மூலநிரலைப் புதுப்பிக்கும் பேட்ச் கோப்புக்கும் இது பொருந்தும்.

சிக்கலும் காரணமும்

பேட்ச் கோப்பில் இரு பதிப்புகளுக்கு இடையிலான வேறுபாடுகள் மட்டுமே இருக்கும். லாரி வால் 1985இல் வெளியிட்ட பேட்ச் என்னும் நிரல் அவற்றைப் பழைய மூலநிரலில் ஏற்றுகிறது. இக்கட்டுரையாளர் நீடாமங்கலத்தில் தம் கணினியிலிருந்த 6.1.5 மூலநிரலின் மீது 6.1.6 பேட்சை ஏற்றியபோது பல திருத்தங்கள் மறுக்கப்பட்டு, 'ரெஜ்' என முடியும் கோப்புகளில் ஒதுக்கப்பட்டன. 6.1.6 பேட்சுக்கு மூலபாடம் 6.1.5 அன்று, 6.1 ஆகும். எனவே முன்பே ஏறிய திருத்தங்களை அது மீண்டும் ஏற்ற முயன்றது.

தீர்வு

முதலில் 6.1.5 பேட்சைத் தலைகீழாக ஏற்றி 6.1 நிலைக்குத் திரும்ப வேண்டும், பின்னரே 6.1.6 பேட்சை ஏற்ற வேண்டும். 6.2க்குச் செல்லவும் இதுவே வழி. கோப்புகளை மாற்றாமல் விளைவை மட்டும் காட்டும் 'டிரை ரன்' ஒத்திகையை முன்னதாகச் செய்வது நன்று. பாதி ஏறிய மூலநிரலைச் சீர்செய்வதினும் 6.1 தொகுப்பைப் புதிதாக விரித்துத் தொடங்குவதே பாதுகாப்பானது.

முடிவுரை

'ரெஜ்' கோப்புகளைப் புறக்கணித்தாலும் கெர்னல் சில வேளைகளில் இயங்கிவிடும். ஆனால் பாதுகாப்புத் திருத்தமொன்று விடுபட்டிருப்பதைப் பயனர் அறியார். ஆதலின் மூலபாடத்தை உறுதிசெய்வதே புதுப்பிப்பின் முதற்பணியாகும்.