கல்நிலப் பாடசாலைத் தோட்டத்திற்கேற்ற செடிகளும் கிழங்குகளும்

வன்னியில் மழையின் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்கின்றது. வைகாசி முதல் ஆவணி வரை சோழகக் காற்று நிலத்தை உலர்த்தும். விடுமுறை நாட்களிற் பாடசாலைத் தோட்டத்திற்கு நீர் ஊற்றுவாரும் இலர். ஆதலின், கிரவலும் கல்லும் நிறைந்த வெளிநிலத்தில், மாரியில் வேரூன்றிக் கோடையைத் தாங்கும் இனங்களையே தெரிவுசெய்தல் வேண்டும்.

முதலில், தென்மேற்கு எல்லையிற் கிளுவை, சீமைக்கிளுவை, பூவரசு ஆகியவற்றின் கதியால்களை மழைத் தொடக்கத்தில் நடுக. இவை காற்றைத் தடுப்பதுடன் குழைப்பசளையும் தரும்.

பெயர்த்த கற்களை வரம்பாக அடுக்கி, அதனுள் மேல்மண்ணும் மக்கிய எருவும் 1 அடி உயரத்திற்கு இட்டுப் பாத்தி அமைக்கலாம். வைக்கோல் அல்லது சருகு பரப்பினால் ஈரம் நிலைக்கும். முருங்கை, மாதுளை, கற்றாழை என்பன குறைந்த நீரில் வளர்வன.

இராசவள்ளியும் கரணையும் கோடையில் இலை உதிர்ந்தாலும், மண்ணுள் உறங்கும் கிழங்கிலிருந்து மீண்டும் முளைக்கும்.

கார்த்திகைச் செடியும் இத்தன்மையதே, பூவும் அழகியது. ஆயினும் அதன் எல்லாப் பாகங்களிலும், சிறப்பாகக் கிழங்கில், கொல்சிசின் என்னும் கொடிய நஞ்சுண்டு. உண்ணுங் கிழங்கென மயங்கி அவித்துண்டோர் இறந்துள்ளனர். எனவே, மாணவர் கிழங்கு அகழும் தோட்டத்தில் அதனை வளர்த்தலாகாது. அலரியும் பொன்னலரியும் நஞ்சுடையனவே, அவற்றையும் விலக்குக.

எவரேனும் இவற்றை உண்டுவிட்டால், அறிகுறி தோன்றும்வரை காத்திராது, எஞ்சிய பகுதியுடன் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க. கமக்காரர்கள் தத்தம் வேலியோரங்களிலுள்ள கார்த்திகைக் கொடியையும் பிள்ளைகளுக்கு இனங்காட்டி வைத்தல் நன்று.