பாதை மீண்டது, பயணிகள் மீண்டனரா?

ஊர்காவற்றுறைக்கோ நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ புகையிரதப் பாதை ஒருபோதும் இருந்ததில்லை. எனினும், படகிலும் பஸ்ஸிலும் யாழ்ப்பாணம் வந்துசேரும் தீவக மக்களுக்குத் தென்னிலங்கைக்கான வாயில் யாழ்ப்பாணப் புகையிரத நிலையமே. 1905இல் கொழும்புடன் இணைந்த இப்பாதையில் 1956 முதல் யாழ்தேவி ஓடியது.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதும் சேவை நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்காகப் பெயர்த்தெடுக்கப்பட்டன. நிலையக் கட்டடம் சிதைந்தது. அவ்வாண்டு ஒக்டோபர் 30இல் விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினர். அவர்கள் ஏறிச்செல்ல ஒரு ரயிலேனும் இருக்கவில்லை.

இந்தியக் கடனுதவியுடன் புனரமைக்கப்பட்ட பாதையில் 2014 ஒக்டோபர் 13இல் ரயில் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. 2015 ஜனவரியில் காங்கேசன்துறையை எட்டியது. ஆனால், வெளியேற்றப்பட்டோரில் பலர் இன்றும் புத்தளத்திலேயே வாழ்கின்றனர்.

பழைய இயந்திரங்களைப் பேணக் கடுகண்ணாவையில் அருங்காட்சியகம் உண்டு. வடக்குப் பாதையின் கதையோ தீவகத்திலும் புத்தளத்திலும் வாழும் மூத்தோரின் நினைவில் இருக்கிறது. அதனைக் காலந்தாழ்த்தாது பதிவுசெய்தல் வேண்டும். காணியும் வீடும் வழங்கி மீள்குடியேற்றத்தை நிறைவுசெய்வது அதனினும் அவசரமான கடமை. பாதை திறந்தது என்பது அப்போதே முழுப்பொருள் பெறும்.