ஒரே பிரதி

எமது சிற்றூர்ப் பொது நூலகத்திலே திங்கள்தோறும் வாசகர் வட்டம் கூடுகின்றது. இம்முறை, சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளையவர்களின் பதிப்புரைத் தொகுப்பாகிய ‘தாமோதரம்’ என்னும் நூலைப் படிக்குமாறு மாணவரை வேண்டினேன். செல்லரித்த ஏடுகளை ஒப்புநோக்கி, 1887இல் கலித்தொகையை முதன்முதலாக அச்சேற்றியவர் அவர்.

“அச்சேறியபின் அழிவேது, ஐயா?” என்றான் ஒரு மாணவன்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது அச்சு நூல்களும் ஏடுகளும் ஒருங்கே சாம்பரானமையைச் சொன்னேன். அவன் மறுமொழி கூறவில்லை. கூட்டம் கலைந்தபின், இங்குள்ள ஒரே பிரதியை இரவல் பெற வந்தான்.

திகதித் தாளைப் பார்த்து நாணினேன். அதில் இறுதியாக இருந்தது, யான் அந்நூலைத் திருப்பிக் கொடுத்த 2007ஆம் ஆண்டுத் திகதி. அதன்பின் யானும் அதனை எவருக்கும் எடுத்துரைத்திலேன்.

அன்பர்கள் தத்தம் ஊர் நூலகத்திலே அந்நூலைக் கேட்டுப் பார்ப்பார்களாக.